மறுகட்டு ஆவிக்கலம்: மதிப்பீடு பற்றிய ஒரு பாடம்

மின்சிகரெட் என்னும் கருவியைப்பற்றி இன்று கேள்விப்படாதார் அரியர். பள்ளி மாணவர் பையில் அது அகப்பட்டது என்ற செய்தி அவ்வப்போது வருகின்றது. ஆசிரியர் கண்டிக்கும்போது மாணவன், “ஐயா, இது புகையன்று, வெறும் நீராவிதான்” என்று விடை கூறுகின்றான். அவ்விடை தவறானது. ஆனால் அது ஏன் தவறு என்பதை எடுத்துரைக்க, கருவியின் அமைப்பையும் அதனுள் நிகழும் மாற்றங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். காரணம் கூறாத கண்டனம் இளைஞர் உள்ளத்தில் நிலைப்பதில்லை. ஆகவே, ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயன்படுமாறு இப்பாடம் எழுதப்படுகின்றது.

மின்சிகரெட்டுகளில் பல வகை உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களில் இதனை ஒரு பொழுதுபோக்குக் கைத்தொழிலாகவே கொண்டோர் உளர். அவர்கள், தொழிற்சாலையில் முடித்து வைத்த சுருளை வாங்காமல், தாமே கம்பியைச் சுற்றி, தாமே பஞ்சைத் திணித்துக் கலத்தை அமைத்துக்கொள்கின்றனர். ‘ரீபில்டபிள் டேங்க்’ என்று அவர்கள் வழங்கும் அதனை நாம் ‘மறுகட்டுக் கலம்’ என்போம். மற்ற வகைகளில் மூடிக்கிடக்கும் உறுப்புகள் யாவும் இதில் வெளிப்படையாகத் தெரிவதால், பாடத்திற்கு இதுவே ஏற்றது.

1. தோற்றமும் அமைப்பும்

புகையிலையை எரிக்காமல் சூடான, மணமூட்டிய காற்றை உறிஞ்சும் கருவி ஒன்றிற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-ல் விண்ணப்பித்து, 1965-ல் காப்புரிமை பெற்றார். அது சந்தையில் வேரூன்றவில்லை. இன்றைய கருவியின் முன்னோடியைச் சீன மருந்தியலாளர் ஹோன் லிக் 2003-ல் உருவாக்கினார். 2004-ல் அது சீனாவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய இக்கருவிகளின் உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவின் ஷென்ஜென் நகரைச் சார்ந்தே நடைபெறுகின்றது.

மறுகட்டுக் கலத்தின் உறுப்புகள் வருமாறு:

(அ) அடித்தளம். இதன்மேல் இரண்டு உலோக முளைகள் நிற்கும். கம்பிச்சுருளின் இரு கால்களையும் இம்முளைகளில் திருகாணியால் இறுக்குவர். அடித்தளத்தின் கீழே, மின்கலப் பெட்டியுடன் பொருந்தும் திருகு இருக்கும். இதன் விட்டம் 7 மில்லிமீட்டர், புரியிடைவெளி 0.5 மில்லிமீட்டர்.

(ஆ) கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் சூடேறுவது இதுவே. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியில் உள்ள நிக்ரோம் கம்பியும், இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கலந்த ‘காந்தல்’ என்ற வணிகப்பெயருடைய கம்பியும் இதற்கு வழக்கமாகப் பயன்படுவன.

(இ) திரி. சுருளின் நடுவே பஞ்சைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் திரவம் வரும் வாய்க்கால்களில் இறக்கிவிடுவர்.

(ஈ) கண்ணாடிக் குழாய். திரவம் இதில் நிற்கும். நடுவில் புகைபோக்கி போன்ற ஒரு குழல் மேல்நோக்கிச் சென்று வாய்க்குழலில் முடியும்.

(உ) காற்று வளையம். இதனைத் திருப்பிக் காற்றுத் துளைகளைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரண்டும் கலந்தது. இவற்றுடன் மணப்பொருள்களும், பெரும்பாலும் நிக்கோட்டினும் சேர்க்கப்படும். ஆகவே வாயிலிருந்து வெளிவருவது நீராவியன்று. மிக நுண்ணிய கிளைக்கால், கிளிசரின் துளிகள் காற்றில் மிதக்கும் ‘ஏரோசால்’ என்னும் கலவையே அது. மாணவனுக்குக் கூறவேண்டிய முதல் விடை இது.

2. மின்சாரக் கணக்கு

கலத்தின் தன்மையை உணர, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் ஓம் விதியே போதுமானது. 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள காந்தல் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை, நீளம் 1 மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 ஓம். கால்களையும் சேர்த்து 7 சென்டிமீட்டர் கம்பியைக் கொண்டு சுருள் செய்தால், அதன் மின்தடை சுமார் 0.8 ஓம் ஆகும்.

ஒரு லித்தியம் மின்கலத்தின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். அப்போது சுருளில் ஓடும் மின்னோட்டம் 3.7-ஐ 0.8-ஆல் வகுக்க வருவது, அதாவது 4.6 ஆம்பியர். திறன் சுமார் 17 வாட். மின்கலம் முழுதும் நிரம்பியிருக்கையில் அழுத்தம் 4.2 வோல்ட், அப்போது திறன் 22 வாட். அழுத்தம் ஏழில் ஒரு பங்கு கூடியதற்கே திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதைக் கவனிக்க. திறன் அழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதே இதன் காரணம்.

இனி, அதே அளவான இரண்டு சுருள்களைப் பக்க இணைப்பில் பொருத்துவோமாயின் மொத்த மின்தடை 0.4 ஓம் ஆகும், 3.7 வோல்ட்டில் மின்னோட்டம் 9 ஆம்பியரைத் தாண்டும். திறன் 34 வாட். சுருளின் கால் ஒன்று அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் மின்தடை 0.1 ஓம் அளவிற்கு வீழ்ந்துவிடக்கூடும். அப்போது கணக்குப்படி மின்னோட்டம் 37 ஆம்பியர். மின்கலத்தின் உள்தடையால் உண்மையில் இது சற்றுக் குறையும். எனினும், இத்தகைய கலங்கள் பலவற்றிற்கு வகுத்துள்ள வரம்பை இது மீறுவதாகும். காப்புச் சுற்று உள்ள மின்பெட்டி இந்நிலையில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். காப்புச் சுற்று இல்லாத வெறும் உலோகக் குழாய்ப் பெட்டிகளும் பழக்கத்தில் உள்ளன. அவற்றில் மின்கலம் கொதித்து வெடிக்கலாம். தனி மின்கலத்தைச் சட்டைப்பையில் சாவிகளோடு போட்டு வைத்ததால் தீப்பிடித்துக் காயமுற்றோர் வரலாறுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இக்கணக்கிலிருந்து ஒரு கருத்துப் பெறப்படுகின்றது. தொழிற்சாலையில் முடித்த சுருளுக்கு இன்ன மின்தடை, இன்ன திறன் என்று அச்சிட்டிருப்பர். மறுகட்டுக் கலத்திலோ அவ்வெண்களை நிர்ணயிப்பது பயன்படுத்துவோனின் கை. ஒரு சுற்றுக் கூடினாலும், ஒரு திருகாணி தளர்ந்தாலும், கருவி வேறொரு கருவியாகிவிடும்.

3. திரியின் வேலை

சுருள் வெப்பத்தைத் தருகின்றது. திரி திரவத்தைக் கொணர்கின்றது. இவ்விரண்டும் ஈடாக இருக்கும்வரை கருவி ஒழுங்காக இயங்கும். ஈடு குலைந்தால் இடர் விளையும். மறுகட்டுக் கலத்தைப்பற்றி அறியவேண்டிய தலையாய செய்தி இதுவே.

அகல்விளக்கை நினைவுகூர்வோம். அகலில் எண்ணெய் உள்ளவரையில் திரி எளிதில் கருகுவதில்லை. எண்ணெயே ஆவியாகி எரிகின்றது. எண்ணெய் வற்றியதும் திரி தானே எரியத் தொடங்கி, கமறும் புகையை எழுப்புகின்றது. ஆவிக்கலத்தின் திரியும் அத்தன்மையதே. திரவம் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை சுருளின் வெப்பநிலை அத்திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி சென்டிகிரேடிலும், கிளிசரின் சிதைவுடன் 290 டிகிரியிலும் கொதிப்பவை. கலவையின் கொதிநிலை இவற்றிற்கு இடைப்பட்டது. திரவம் வந்து சேராவிடில் இவ்வரம்பு நீங்கிவிடும். வெறுஞ்சுருள் சில நொடிகளில் செந்நிறமாகக் காய்ந்துவிடும். பஞ்சோ 300 டிகிரியை எட்டுமுன்பே கருகத் தொடங்கும்.

எவ்வளவு திரவம் வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். 1 கிராம் கலவையைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ஜூல் வெப்பம் தேவை. 17 வாட் திறனில் 3 நொடி இயக்கினால் வெளிப்படும் வெப்பம் 51 ஜூல். இது முழுதும் ஆவியாக்கவே பயன்பட்டால், 35 முதல் 50 மில்லிகிராம் திரவம் ஆவியாகலாம். காற்றும் உலோகமும் ஒரு பகுதி வெப்பத்தைக் கொள்வதால் உண்மையில் ஆவது இதனினும் குறைவு. திறனை 34 வாட் ஆக்கினால் திரவத் தேவையும் ஏறத்தாழ இரட்டிக்கும். அதனைக் கொணரும் பொறுப்பு அந்தச் சிறு பஞ்சுத் துண்டைச் சார்ந்தது.

பஞ்சில் திரவம் ஏறுவது நுண்புழை ஏற்றத்தால். ஏறும் வேகத்தைத் திரவத்தின் பாகுநிலை கட்டுப்படுத்துகின்றது. 20 டிகிரியில் கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. புரொப்பிலீன் கிளைக்காலைப்போல் சுமார் 25 மடங்கு. பெரும் புகைமண்டலம் வேண்டுவோர் கிளிசரின் மிகுந்த திரவத்தையே விரும்புவர். அதாவது, திரவத் தேவை மிகுந்த இடத்தில், மெதுவாக ஏறும் திரவத்தையே அவர்கள் பயன்படுத்துகின்றனர். பஞ்சை இறுகத் திணித்தால் ஓட்டம் மேலும் தடைப்படும். தளர்வாக விட்டால் திரவம் ஒழுகி வெளிவரும். இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள அளவைக் கண்டுபிடிப்பதே அப்பொழுதுபோக்காளர் பெருமையுடன் பேசும் கைத்திறன்.

4. வெப்பம் மிகும்போது

சமையலறையில் எண்ணெய் கருகிப் புகையும்போது கண்ணும் மூக்கும் எரிவதை யாவரும் அறிவர். அவ்வெரிச்சலை உண்டாக்குவதில் பெரும்பங்கு அக்ரோலீன் என்னும் பொருளுக்கு உண்டு. எண்ணெயில் அடங்கிய கிளிசரின் பகுதி, மிகுந்த வெப்பத்தால் நீர்க்கூறுகளை இழந்து அக்ரோலீனாக மாறுகின்றது. ஆவிக்கலத்தில் இருப்பதும் அதே கிளிசரின். அளவு கடந்து சூடானால் அங்கும் அதுவே நிகழும். அத்துடன் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து பார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் தோன்றும். இவற்றுள் பார்மால்டிஹைடு, மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திய பொருளாகும்.

மணப்பொருள்களையும் மறத்தலாகாது. உணவில் சேர்த்தால் தீங்கற்றது, மூச்சில் சேர்ந்தாலும் தீங்கற்றது என்று கொள்ளுதல் பெரும்பிழை. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் உணவில் நெடுங்காலம் பயன்பட்ட பொருள். 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்திருந்த எண்மர், நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடும் நோய்க்கு ஆளாகியிருந்தது வெளிப்பட்டது. அவர்கள் சுவாசித்தது அவ்வெண்ணெய் மணத்தின் ஆவியே. 2019-ல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்துவோரிடையே கடுமையான நுரையீரல் நோய் பரவிற்று. 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். உறுதி செய்யப்பட்ட மரணங்கள் 68. நோயாளிகளுள் பெரும்பாலோர் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களைப் பயன்படுத்தியவர்கள். அத்திரவங்களில் தடிப்புக்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் இந்நோயுடன் வலுவான தொடர்புடையது என்று கண்டனர். விழுங்குவதற்கு உகந்த வைட்டமினே நுரையீரலுக்குப் பகையாயிற்று.

5. மதிப்பிடுவது எங்ஙனம்?

ஒரு புதிய கலம் வெளிவந்தால், பொழுதுபோக்காளர் அதனை எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? முளைகளில் கம்பியைப் பொருத்துவது எளிதா, திருகாணிகள் தேயாதனவா, திரவம் ஒழுகுகின்றதா, காற்று வளையம் சீராகத் திரும்புகின்றதா, சுவை தெளிவாக வருகின்றதா, புகை மிகுதியாக எழுகின்றதா என்று பார்க்கின்றனர். இவை கைவினைஞர் கேட்கும் நியாயமான கேள்விகளே. கடைசல் வேலையின் தரத்தை இவை காட்டும். ஆனால், மூச்சுடன் உள்ளே செல்வது யாது என்ற கேள்விக்கு இவற்றுள் ஒன்றும் விடை தருவதில்லை. நாக்கும் மூக்கும் அளவைக் கருவிகள் அல்ல. இனிப்பும் குளிர்ச்சியும் ஊட்டும் பொருள்கள் கலந்த திரவத்தில், சிறு அளவு சிதைவின் காரநெடி மறைந்துபோகக்கூடும்.

விஞ்ஞான முறையிலான மதிப்பீடு மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படி, எடை இழப்பு. கலத்தை நுண்தராசில் நிறுத்து, பொறியின் துணையால் ஒரே அளவான இழுப்புகளை நிகழ்த்தி, மீண்டும் நிறுக்கவேண்டும். இழந்த எடையை இழுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால், இழுப்பு ஒன்றிற்கு ஆவியான திரவம் கிடைக்கும். திறனைச் சிறிது சிறிதாக உயர்த்தி இதனைத் திரும்பச் செய்து, வரைபடம் தீட்டவேண்டும். திரி ஈடுகொடுக்கும்வரை ஆவியாகும் திரவம் திறனுடன் சேர்ந்து உயரும். ஒரு நிலையில் கோடு வளைந்து படுக்கத் தொடங்கும். அவ்விடத்திற்கு அப்பால் ஊட்டிய வெப்பம் ஆவியாக்கப் பயன்படவில்லை. சுருளின் வெப்பநிலையை உயர்த்தவும் திரவத்தைச் சிதைக்கவுமே பயன்படுகின்றது. கலத்தின் உண்மையான எல்லை அவ்வளைவே.

இரண்டாம் படி, வெப்பநிலை. சில உலோகங்களின் மின்தடை வெப்பத்துடன் கூடும். நிக்கல் கம்பியில் இது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஆறு பங்கு. 20 டிகிரியில் 0.10 ஓம் உள்ள நிக்கல் சுருள் 220 டிகிரியில் சுமார் 0.22 ஓம் காட்டும். இதனைக்கொண்டு வெப்பநிலையைக் கணித்து மின்சாரத்தைக் குறைக்கும் பெட்டிகள் உண்டு. காந்தல் கம்பியின் மின்தடையோ வெப்பத்தால் மிகச் சிறிதே மாறுவதால், அதனிடம் இவ்வுபாயம் பலிக்காது. அன்றியும், கம்பி எவ்வுலோகம் என்பதையும், குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை எவ்வளவு என்பதையும் பயன்படுத்துவோன் சரியாகக் குறிக்காவிடில் பெட்டியின் கணிப்பும் பிழையாகும்.

மூன்றாம் படி, இரசாயனப் பகுப்பு. வெளிவந்த ஏரோசாலைச் சேகரித்து, ஆல்டிஹைடுகளையும் உலோகங்களையும் அளவிடவேண்டும். இது தக்க ஆய்வுக்கூடத்திலன்றி இயலாது.

இழுப்பின் அளவையும் குறிப்பிடல் வேண்டும். மின்சிகரெட்டுச் சோதனைக்கென 2018-ல் வெளியான பன்னாட்டுத் தரநிர்ணயம், 30 நொடிக்கு ஒரு முறை, 3 நொடியில் 55 மில்லிலிட்டர் இழுக்குமாறு விதிக்கின்றது. பெரிய காற்றுத் துளையுள்ள மறுகட்டுக் கலத்தைப் பயன்படுத்துவோர் நேரே நுரையீரலுக்குள் இழுப்பதால், அவர்கள் கொள்ளும் அளவு இதனினும் பன்மடங்கு. தரநிர்ணயத்தில் தேறிய எண் அவர்களுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

6. இரு ஆய்வுகள் தரும் படிப்பினை

2015-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர், ஒரு கலத்தை 3.3 வோல்ட்டிலும் 5.0 வோல்ட்டிலும் இயக்கிப் பார்த்தனர். குறைந்த அழுத்தத்தில், தாங்கள் தேடிய பார்மால்டிஹைடு சேர்ந்த பொருள்கள் தென்படவில்லை. உயர்ந்த அழுத்தத்தில் மிகுதியாகத் தென்பட்டன. இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. உடனே கிரேக்க நாட்டு ஆய்வாளர் பார்சலினோசும் பிறரும் மறுப்பு எழுப்பினர். 5.0 வோல்ட்டில் அக்கலம் ‘வறள் இழுப்பு’ நிலையை அடைந்திருக்கும். அந்நெடியை எந்த மனிதனும் தாங்கி இழுக்கமாட்டான். ஆகவே அந்த எண் வாழ்க்கைக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம்.

இவ்விரு சாராரின் முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. இரண்டும் சேர்ந்து ஓர் உண்மையைக் காட்டுகின்றன. ஒரே கலம், ஒரே திரவம். திறனும் திரியும் மாறினால் வெளிவரும் பொருளும் மாறுகின்றது. எனவே, ‘இக்கருவி தீங்கற்றது’ என்பதும், ‘இக்கருவி இவ்வளவு நஞ்சு தரும்’ என்பதும், எந்நிலையில் என்று குறிப்பிடாவிடில் முழுமையற்ற கூற்றுகளே. தொழிற்சாலைச் சுருளுக்கே இவ்வாறெனில், வீட்டுமேசையில் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கட்டப்படும் சுருளுக்கு எந்த ஆய்வுக்கூடம் பொறுப்பேற்க முடியும்?

இரண்டாவது ஆய்வு 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. நாள்தோறும் பயன்படுத்துவோர் 56 பேரின் கருவிகளை அவர்கள் ஆராய்ந்தனர். புட்டியிலிருந்த திரவம், கலத்தில் தங்கிய திரவம், வெளிவந்த ஏரோசால் ஆகிய மூன்றையும் தனித்தனியே பகுத்ததே இவ்வாய்வின் சிறப்பு. புட்டித் திரவத்தில் குறைவாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் முதலிய உலோகங்கள் கலத்திலும் ஏரோசாலிலும் கூடியிருந்தன. இவை திரவத்துடன் வந்தவை அல்ல, கருவியிலிருந்து இறங்கியவை என்று கொள்ள இவ்வொப்பீடு இடந்தருகின்றது. குரோமியமும் நிக்கலும் சுருள் கம்பிகளில் உள்ளவை. ஈயம் பித்தளைப் பகுதிகளிலும் பற்றவைப்பிலும் இருக்கக்கூடும். ஒப்பீட்டு மாதிரி என்பதன் பயனை மாணவர்க்கு விளக்க இது நல்லதோர் உதாரணம்.

7. எதனோடு ஒப்பிடுவது?

எந்த மதிப்பீட்டிலும், எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும். சிகரெட்டின் கனலும் நுனி, இழுக்கும்போது 900 டிகிரி அளவிற்குச் சூடேறி, ஆயிரக்கணக்கான பொருள்களை உண்டாக்குகின்றது. அதனோடு ஒப்பிட்டு, இங்கிலாந்தில் அப்போது இயங்கிய பொதுச் சுகாதார நிறுவனம் 2015-ல், மின்சிகரெட்டின் தீமை ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவு என்ற மதிப்பீட்டை ஏற்று வெளியிட்டது. அது நிபுணர் சிலரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டதேயன்றி நீண்டகால அளவீடன்று என்று பலர் மறுத்தனர். நெடுநாள் புகைத்த முதியவர் சிகரெட்டை விடுவதற்காக இதனை நாடுவது ஒரு நிலை. ஒருநாளும் புகையாத மாணவன் இதனைத் தொடங்குவது வேறொரு நிலை. அவனுக்கு ஒப்பீடு சிகரெட் அன்று, தூய காற்றே. அவ்வொப்பீட்டில் ஆவிக்கலம் தோற்றுவிடுகின்றது.

நிக்கோட்டினைப்பற்றி வேளாண்மைக் களப்பணியாளர்க்குப் புதிதாக உரைக்கவேண்டியதில்லை. அசுவினியை ஒழிக்கப் புகையிலைக் கஷாயம் தெளிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். ஈரமான புகையிலை இலையைக் கையாளும் தொழிலாளர்க்குத் தோல்வழியே நிக்கோட்டின் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாவதைப் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்பர். பூச்சியைக் கொல்லும் அப்பொருளே, பழ மணத்துடன் சிறு புட்டியில் வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இயற்றி 2016-ல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகள், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின், 10 மில்லிலிட்டர் புட்டி, 2 மில்லிலிட்டர் கலம் என்று எல்லை வகுத்துள்ளன. அவ்வெல்லைக்குட்பட்ட ஒரு புட்டியிலும் 200 மில்லிகிராம் நிக்கோட்டின் உண்டு. குழந்தை ஒன்று அதனைப் பருகினால் உயிருக்கே ஆபத்து.

8. நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2019 செப்டம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டமும், மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கின்றன. நிக்கோட்டின் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு பொருளைச் சூடாக்கி உறிஞ்சுதற்குரிய ஏரோசால் உண்டாக்கும் மின்கருவி எவ்வடிவில் இருப்பினும் இச்சட்டத்துள் அடங்கும். முதன்முறைக் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். சேமித்து வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆகவே, ஆசிரியர் எவரும் இக்கருவியையோ திரவத்தையோ பாடத்திற்காகவும் வரவழைத்தல் கூடாது.

பழக்கத்திற்கு ஆளானவரைக் குற்றவாளியாக மட்டும் நோக்குதல் பயன் தராது. புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு ஆலோசனை தரும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. களப்பணியாளர் இதனைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

9. வகுப்பில் செய்யத்தக்கவை

கருவியின்றியே இப்பாடத்தின் உட்கருத்தை விளக்க இயலும்.

(அ) ஒரே அகலமுள்ள இரண்டு பருத்தித் துணிப்பட்டைகளில் சென்டிமீட்டர்க் கோடுகள் இட்டு, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மருந்துக்கடைக் கிளிசரினிலும் தொங்கவிடுக. ஒவ்வொரு கோட்டையும் திரவம் எட்டும் நேரத்தைக் குறிக்கச் செய்க. கிளிசரின் மிக மெதுவாக ஏறுவது தெரியும். தொடக்கத்தில், உயரம் இரட்டிக்க நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காவதையும் காணலாம்.

(ஆ) நிக்ரோம் கம்பியின் 10, 20, 30 சென்டிமீட்டர் நீளங்களின் மின்தடையைப் பன்மானியால் அளந்து, நீளத்துடன் அது நேர் விகிதத்தில் கூடுவதைக் காட்டுக. கம்பியை மின்னிணைப்பில் பொருத்தலாகாது.

(இ) அகல்விளக்கில் எண்ணெய் வற்றும் தறுவாயில் சுடர் மங்குவதையும் திரி கருகுவதையும் தொலைவிலிருந்து பார்க்கச் செய்க. எண்ணெய் இருந்தபோது கருகாத திரி இப்போது கருகுவதேன் என்று வினவுக.

முடிவுரை

மறுகட்டுக் கலம் ஒரு சிறு கொதிகலன். பெரிய கொதிகலனுக்கு நீர்மட்டம் காட்டும் கண்ணாடி உண்டு; அழுத்தமானி உண்டு; சான்று பெற்ற இயக்குநர் உண்டு. இச்சிறு கொதிகலனில் திரியின் ஈரத்தைக் காட்ட மானி எதுவுமில்லை. இயக்குபவனின் நாவே மானி. அவன் நுரையீரலே சோதனைச்சாலை. இதனை அமைக்கும் கைத்திறனை எவ்வளவு பாராட்டினும், அத்திறன் ஓர் அளவீட்டுக்கு ஈடாகாது. “வெறும் நீராவி” என்று கூறும் மாணவனிடம் சினம் கொள்ளாமல், துணிப்பட்டையையும் கிளிசரினையும் எடுத்து வைத்து, அவனையே அளந்து பார்க்கச் செய்யும் ஆசிரியர், ஒரு கருவியைப்பற்றி மட்டுமன்றி, எப்பொருளையும் மதிப்பிடும் முறையையே கற்பித்தவராவார்.

பயிற்சி வினாக்கள்

1. 0.5 ஓம் சுருளுக்கு 3.7 வோல்ட்டிலும் 4.2 வோல்ட்டிலும் திறன் எவ்வளவு? வேறுபாட்டின் காரணம் யாது?

2. திறனை உயர்த்தியும் இழுப்பு ஒன்றிற்கு ஆவியாகும் திரவத்தின் எடை உயரவில்லையெனில், மிகுந்த வெப்பம் எங்குச் செல்கின்றது?

3. புட்டித் திரவத்தையும் கலத்திலிருந்த திரவத்தையும் தனித்தனியே பகுத்திராவிடில், 2018-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து எம்முடிவைப் பெற இயலாது போயிருக்கும்?

4. உணவில் தீங்கற்ற பொருள் மூச்சில் தீங்காவதற்கு இப்பாடத்திலிருந்து இரண்டு உதாரணங்கள் தருக.